கண்ணுக்குத் தெரியாத எடை

உங்கள் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியில் ஒரு இறக்கை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் கனம், மேடம். சத்தத்திலேயே தெரிகிறது. ஸ்குரூவை முறுக்கிப் பிரயோசனமில்லை. மற்ற இரண்டு இறக்கைகளிலும் ஆளுக்கொரு வாஷர் ஒட்டச் சொல்லுங்கள், அடங்கிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஊதுவிசிறி செய்யும் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் எனக்கு இதுதான் வேலை. சுழலுகிற எதையும் என் முன்னால் வைத்தால் எங்கே கனம், எங்கே குறை என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

குணசேகரன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் பால்வீதியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். அந்த ஏட்டையா சிரிப்பதை நிறுத்தினால் நல்லது.

நம் சூரியன் சும்மா நிற்கவில்லை. பால்வீதியை ஒருமுறை சுற்றிவர அதற்கு இருபத்திரண்டு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. படித்தவர்களின் கணக்குப்படி, நடுவிலிருந்து தள்ளிப் போகப்போக நட்சத்திரங்கள் மெதுவாக ஓட வேண்டும். ஆனால் ஓரத்தில் இருப்பவையும் ஏறக்குறைய உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே ஓடுகின்றன. அளந்து சொன்னவர்களும் அவர்களேதான். கணக்கு உதைத்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத எடை ஒன்று அங்கே இருக்கிறது, அதுதான் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். ஒரு சக்கரம் ஆடுகிறதென்று வையுங்கள். நான் போய், "சார், தெரியாத எடை ஒண்ணு கீது" என்று சொன்னால் சூப்பர்வைசர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

தெரியாத எடை என்று எதுவும் கிடையாது. நடுவில் சுழலும் கனம் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது, ஓரத்து நட்சத்திரங்கள் அந்த இழுப்பில் ஓடுகின்றன. இதுதான் என் கொள்கை. பதினோரு வருஷ உழைப்பு. பதினான்கு பல்கலைக்கழகங்களுக்கு எழுதினேன். ஒன்றே ஒன்று, கடிதம் கிடைத்தது என்று பதில் போட்டது. பத்தாவதுதான் படித்தவன் என்றால் வானம் கூட அவனுக்குப் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

அதனால் செய்தே காட்டுவது என்று முடிவு செய்தேன். கோவில்பதாகையில் எங்கள் நிலம் போனது போக மிஞ்சியது வீடும், பின்னால் ஒரு தகரக் கொட்டகையும்தான். அங்கே நாலு ஸ்பிரிங் கால்களின் மேல் நாலடி அகலத்தில் ஒரு வட்டத் தட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர், தண்ணீரில் தெர்மோகோல் மணிகள். அடியில் ஒரு கனத்த இரும்புச் சக்கரம், அதைச் சுற்ற மோட்டாரும் பெல்ட்டும். சக்கரத்தின் தண்டு தட்டின் நடுவே ஏறி வந்து தண்ணீரைச் சுழற்றும். போன மார்ச் மாதம் ஒருநாள் காலையில், சக்கரத்தை பேலன்ஸ் செய்துகொண்டிருந்தபோதே பார்த்தேன். ஓரத்து மணிகள் உள்மணிகளோடு சரிக்குச் சரியாக ஓடின. நான் அழுதேன், மேடம். என் அப்பா செத்தபோது கூட அப்படி அழவில்லை. செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு முதல் ஆளாகக் குணசேகரனைத்தான் கூப்பிட்டேன்.

அவன் எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன். இரண்டு தெரு தள்ளி வீடு. என்னை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அந்தப் பதினான்கு கடிதங்களையும் டைப் அடித்துக் கொடுத்தவனும் அவன்தான். கொரட்டூரில் ஒரு ஹால் பிடித்து, ஒரு காலேஜ் புரொபசரைப் பார்வையிட வரச் சம்மதிக்கவைத்து, நோட்டீஸும் அடித்துவிட்டான். 'வரதன் அவர்களின் நேரடிச் செய்முறை விளக்கம்' என்று போட்டிருந்தது. அந்த நோட்டீஸ் என் சட்டைப்பையில் இருந்தது. நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும், எல்லாவற்றையும் கழற்றிப் பேக் செய்ய வந்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு தட்டுக்கு அடியில் படுத்தான்.

"இன்னா மாமே, டிரையல் வெயிட்ட எடுக்கவே இல்லியா நீ?"

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சக்கரத்தை பேலன்ஸ் செய்யும்போது, முதலில் பிசைந்த மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும் பட்டியை ஒரு உருண்டை எடுத்து வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒட்டி ஓட்டிப்பார்ப்போம், அதுதான் டிரையல் வெயிட். ஆட்டம் எவ்வளவு மாறுகிறதென்று அளந்துகொண்டு, அதைப் பிய்த்தெறிந்துவிட்டுத்தான் சரியான எடையைப் போட வேண்டும். புதுப் பையன்கள் மறப்பார்கள். மறந்தவனை நான் கேண்டீன் வரைக்கும் துரத்தித் திட்டியிருக்கிறேன்.

குணசேகரன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "சக்கரம் ஒரு பக்கம் கனமா கீது. அது தட்ட ஆட்டுது. தட்டு ஆடுனா ஓரத்துத் தண்ணி தானா சுத்தும்பா. டபராவ கைல வெச்சி ஆட்டிப் பாரேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூட விட்டிருப்பேன். அவன் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீயே புரொபசராண்ட சொல்லிடு வரதா. நான் பக்கத்துல நின்னுகினு கீறேன். ஒண்ணும் கெட்டுப்பூடாது. மொதல்ல அத்த எடுத்துட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாத்துரலாம்."

மறுபடியும் அடியில் புகுந்தான். வேர்வைக்குக் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். துண்டின் நுனி பெல்ட்டின் மேல் கிடந்தது. அவன் கை பட்டியைத் தேடிப் போயிற்று. தொட்டிருந்தால் பதினோரு வருஷம் போயிருக்கும். நான் மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். நான் எதையும் தெரியாமல் அழுத்துகிறவன் இல்லை. சிவப்புப் பொத்தான் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. பெல்ட் இழுத்த இழுப்பில் துண்டு அவன் கழுத்தை இறுக்கியது, மோட்டார் கொஞ்சம் முக்கியது, பிறகு துண்டு கிழிந்து சத்தம் சரியாயிற்று. ஒரு ஓட்டம் ஒன்பது நிமிஷம், நடுவில் நிறுத்தினால் அளவு செல்லாது. அதனால் நிறுத்தவில்லை. ஓரத்து மணிகளை எண்ணினேன். சரிக்குச் சரியாகத்தான் ஓடின.

சமையலறையிலிருந்து என் மனைவி நாகவல்லி குரல் கொடுத்தாள். "அண்ணனுக்கும் சேத்து காபி போட்டுடட்டா?"

"எனக்கு மட்டும் போடு," என்றேன். காபி குடித்துவிட்டு நானே வந்து அவனை வெளியே இழுத்துக் கிடத்தினேன்.

வருத்தமில்லையா என்கிறீர்கள். அவனைப் போல எனக்கு இன்னொரு ஆள் கிடைக்கமாட்டான். வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்காகப் பால்வீதி சுற்றும் விதத்தை மாற்றிச் சொல்ல முடியாது. கோர்ட்டில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

அவன் கடைசியாகக் கேட்டது நியாயமான சோதனை. அதையும் செய்தேன். போலீசுக்கு போன் போடுவதற்கு முன்னால் அந்தப் பட்டியைப் பிய்த்துவிட்டு, சரியான எடையைப் போட்டு ஒருமுறை ஓட்டினேன். தட்டு துளிகூட ஆடவில்லை, சத்தமே இல்லை. உள்மணிகள் ஓடின. ஓரத்து மணிகள் நின்ற இடத்திலேயே லேசாகத் தள்ளாடின, அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரியும். துண்டு இழுத்த இழுப்பில் தண்டு வளைந்துவிட்டது. உங்கள் ஆட்கள் அதைக் கழற்றிக்கொண்டு போய் அளந்து, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும்? கொலை என் பேரில் இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்டை வளைத்தது குணசேகரன். அதையும் எழுதுங்கள்.