நான்காவது கோப்பை

ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய டென்னிஸ் மட்டையைத் திருவொற்றியூரில் யாரும் சுவரில் மாட்டி வைக்கக் கூடாது, ஐயா. கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து நரம்பு தளர்ந்துவிடும், மரச்சட்டம் கோணிக்கொள்ளும். இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, நான்கு மூலையிலும் திருகாணியை முடுக்கி, அடுப்பங்கரைப் பரணில் வைக்க வேண்டும். ஹென்றிக்கு இதைப் பலமுறை சொன்னேன். அவன் கேட்டதில்லை. அவன் மட்டை எப்போதும் கொஞ்சம் கோணல்தான். அந்தக் கோணல் மட்டையால் என்னை ஒன்பது முறை ஜெயித்திருக்கிறான். நான் அவனை ஜெயித்ததில்லை. இது வெறும் எண்ணிக்கை. இதிலிருந்து நீங்கள் வேறு எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.

நீங்கள் எழுத வசதியாக வரிசையாகவே சொல்கிறேன். என் பெயர் குணசேகரன். காலடிப்பேட்டையில் வீடு. தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பிரிவு, பதினோரு வருட சர்வீஸ். ஹென்றி ராயபுரத்துக்காரன். அதே பிரிவு, அதே ஷிப்ட்.

வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்குப் போன பிறகு அவர்களுடைய டென்னிஸ் தளம் எங்கள் கைக்கு வந்தது. கிளப் செயலாளர் ஸ்டானிஸ்லாஸ் ஆசைக்காரர். உலகத்தில் பெரிய டென்னிஸ் போட்டிகள் நான்கு: ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா. அதே மாதங்களில், அதே பெயர்களில், அவர் எங்களுக்கும் நான்கு கோப்பைகள் வைத்தார். பாரீஸ் கோப்பை என்பது கொருக்குப்பேட்டையில் வாங்கிய பித்தளைக் கிண்ணம். ஆனாலும் ஒரே வருடத்தில் நான்கையும் எடுத்தவன் எங்களில் யாரும் இல்லை.

இந்த 1969-இன் விசேஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாக்காரர் ராட் லேவர் அந்த நான்கு பெரிய போட்டிகளையும் ஜெயித்த வருடம். அவர் 1962-லும் நான்கையும் எடுத்தார். ஆனால் அப்போது பணத்துக்கு ஆடும் தொழில்முறைக்காரர்களை அந்தப் போட்டிகளில் சேர்க்கமாட்டார்கள். மிகச் சிறந்த சிலர் வெளியில் நின்றார்கள். அதனால் அந்த வெற்றியின் மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. போன வருடம்தான் கதவைத் திறந்தார்கள். இந்த வருடம் எல்லோரும் ஆட, எல்லோரையும் ஜெயித்து மறுபடி நான்கையும் எடுத்தார். சந்தேகம் தீர்ந்தது. இந்த வேறுபாட்டை நீங்கள் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

ஜனவரியிலும் ஜூனிலும் ஜூலையிலும் எங்கள் கோப்பைகளை நான் எடுத்தேன். அந்த மாதங்களில் ஹென்றி விசாகப்பட்டினத்தில் கம்பெனி வேலையாக இருந்தான். ஆகஸ்ட்டில் திரும்பி வந்தான்.

அவன் வந்த வாரமே அவன் மனைவி ஐரீன் அவனுக்குப் புது வெள்ளை உடுப்பு தைத்தாள். அளவு சொல்லக் கூடவே நானும் இருந்தேன். கால்சட்டையிலும் சட்டையிலும் பை வைக்க வேண்டாம், பை இருந்தால் பந்தைப் போட்டுக்கொள்ளத் தோன்றும், ஓட்டம் கெடும் என்றேன்.

“அதுவும் நல்லதுதான் அண்ணே,” என்றாள். “பாக்கெட்டு வச்சா பீடிக்கட்ட சொருவிக்குவாரு. கலீஜ் பண்ணிடுவாரு.”

இப்போது கிரேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெட்டின் உச்சியில் ஓடும் கிரேனுக்கு மின்சாரம் மூன்று திறந்த செம்புக் கம்பிகள் வழியாகப் போகிறது. கிரேனிலிருந்து நீளும் கரித்துண்டுகள் அந்தக் கம்பிகளை உரசியபடியே போகும். உரசி உரசித் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றப் போகிறவன் முதலில் கீழே, சுவரில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் உருவி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவான். கட்டை அவனிடம் இருக்கும்வரை உலகத்தில் யாரும் அந்தக் கம்பிக்கு உயிர் கொடுக்க முடியாது. எங்கள் பிரிவில் இதற்கு எழுதிவைத்த விதி இல்லை. இதுதான் வழக்கம். எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள். ஒரு மனிதனின் உயிர் அவன் பையிலேயே இருக்கும்.

எங்கள் நான்காவது கோப்பையின் இறுதி ஆட்டம் செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் ஹென்றிக்கும். சனிக்கிழமை எங்களுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அவன் வெள்ளை உடுப்புக்கு மாறிவிடுவான். எங்களுக்குப் பின்னால் வரும் ஷிப்டில் எலக்ட்ரீஷியன் இல்லாததால், ஏதாவது நின்றால் தளத்துக்கே வந்து எங்களைக் கூப்பிடுவார்கள். உயரத்து வேலை எப்போதும் ஹென்றிக்கு. அவன் உடம்பு லேசு.

நாங்கள் பந்தைத் தட்ட ஆரம்பித்து ஒரு மணி நேரம் இருக்கும். ஃபோர்மேன் தண்டபாணி மூச்சு வாங்க வந்தார்.

“தொரைங்களா, பந்தாட்டம் அப்பால. கிரேன் நின்னுகீது. அரை டன் பிளேட்டு அந்தரத்துல தொங்குது.”

ஹென்றி என்னைப் பார்த்துச் சிரித்தான். “இன்னா மாமு, நாளைக்கு பயந்துகினு நீயே நிறுத்தி வச்சிட்டியா?”

நானும் சிரித்தேன். வியாழக்கிழமை நான் அரத்தால் ராவி மெலிதாக்கி வைத்த கரித்துண்டு சனிக்கிழமை மதியம் உடையும் என்று கணக்கிட்டிருந்தேன். ஓட்டத்தின் தூரமும் உராய்வும் தெரிந்தால் இது பெரிய கணக்கில்லை. மூன்று மணிக்கு உடைந்திருக்கிறது.

தண்டபாணி ஆட்களைப் பிளேட்டின் அடியிலிருந்து விலக்கப் போய்விட்டார். ஹென்றி பெட்டியைத் திறந்து மூன்று கட்டைகளையும் உருவினான். வழக்கப்படி நெஞ்சருகே கை போனது. பை இல்லை. இடுப்பில் செருகிப் பார்த்தான். நிற்கவில்லை.

“பாக்கெட்டு இல்லாத சட்டயப் போட்டுகினு இன்னா வேலை செய்றது? இந்தா மாமு, நீயே வச்சுகினு நில்லு. அஞ்சு நிமிசம்.”

ஏணியில் ஏறினான். பீங்கான் என் உள்ளங்கையில் குளிர்ச்சியாக இருந்தது. புதுக் கரியைப் பொருத்தும்போது கடைசியில் உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து ஒரு கையால் கம்பியைப் பிடித்து அழுத்த வேண்டும். அந்தக் கணம் எது என்று எனக்குத் தெரியும். ஒன்பது ஆட்டங்கள் அவன் தோளைப் பார்த்தே பந்தின் திசையைப் படித்தவன் நான். தோள் இறங்கியது. மூன்று கட்டைகளும் தேவைப்படவில்லை. ஒன்று போதும்.

அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பெட்டியின் மேல் வைத்தேன். கட்டைகளை அங்கே வைத்துவிட்டுக் குறடு எடுக்கப் போனதாகவும், யாரோ தெரியாமல் போட்டிருக்க வேண்டும் என்றும் விசாரணையில் சொன்னேன். கட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாதது ஹென்றியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள்.

திங்கட்கிழமை அமெரிக்காவில் லேவர் நான்காவதையும் எடுத்தார். மழையில் நனைந்த புல்தரைக்கு மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக் காய வைத்தார்களாம். அருமையான யோசனை.

ஸ்டானிஸ்லாஸ் எங்கள் ஆட்டத்தைப் பதினான்காம் தேதிக்குத் தள்ளினார். அரையிறுதியில் ஹென்றியிடம் தோற்றவர் அவர்தான், அதனால் ஹென்றியின் இடம் அவருக்கு. “கோப்பய நீயே எடுத்துக்கோ குணா, ஆட மனசில்லப்பா,” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடாமல் வாங்குவது வெற்றியாகாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார். 6-2, 6-1.

அதற்குப் பிறகு ஒரு சிறு தொந்தரவு. மாலையில் தனியாகப் பயிற்சிச் சுவரில் பந்தை அடிக்கிறேன். நான் நேராக அடிக்கும் பந்து தாழ்வாக, சறுக்கிக்கொண்டு, என் இடது காலுக்கு வருகிறது. ஹென்றியின் பந்து அப்படித்தான் வரும். சுவரின் பூச்சு மேடு பள்ளமாக இருக்கும் என்று நினைத்தேன். கொத்தனாரை அழைத்து மட்டக்கோல் வைத்துப் புதிதாகப் பூசினேன். பந்தை மாற்றினேன். தரையை உருளை போட்டுச் சமன் செய்தேன். பந்து இன்னும் அங்கேயேதான் வருகிறது. சில நாட்களில் நான் அடிப்பதை நிறுத்திய பிறகும் ஒன்று வருகிறது. இதற்குக் காரணம் இருக்கும். கண்டுபிடித்துவிடுவேன்.

முப்பதாம் நாள் பூசை ராயபுரம் கோயிலில் நடந்தது. முடிந்து வெளியே வந்தபோது ஐரீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மனசுலயே வச்சுகினு கீறேன். அன்னிக்குக் காலைல அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘நாளைக்கு குணாவுக்கு வுட்டுக் குடுத்துடுவேன்டி. மூணு கோப்ப தூக்கிட்டான். நாலாவது கெடைக்காட்டி பைத்தியமே புடிச்சுடும் அவனுக்கு. ஆளுக்கு ஒரு செட்டு எடுத்துகினு, மூணாவதுல கோட்டை வுட்டுடுறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது’ன்னாரு. உங்க மேல அவ்ளோ பாசம் அண்ணே.”

இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை, ஐயா. இங்கே வந்ததும் அதனால்தான். அவன் சொன்னது சரி. எனக்குத் தெரிந்திருக்காது. கோட்டுக்கு வெளியே விரல் அகலம் தள்ளி விழும் பந்து தவறி விழுந்ததா, வேண்டுமென்று விழுந்ததா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. நான் கோப்பையை வாங்கியிருப்பேன். அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன். ஒரு நாள் குடித்துவிட்டு அவனே யாரிடமாவது சொல்லியிருப்பான். என் வருடம் முழுவதும் பொய்யாகியிருக்கும்.

ஆகவே முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். கரியை ராவியது நான். பை வேண்டாம் என்றது நான். கட்டையைப் போட்டதும் நான்தான். ஆனால் ஹென்றி விட்டுக்கொடுத்து நான் ஜெயித்தேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த அவமானம் நேராமல் சரியான நேரத்தில் தடுத்துவிட்டேன்.