கனமான லேப்டாப்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு கணினிக் கடை. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா பெரிய திரை லேப்டாப் ஒன்றை, டுரியான் பழம் வாங்குகிறவர்போல், கையில் தூக்கி எடை பார்த்தார்.

“இதான் நல்லா கனமா இருக்குங்க.”

“கனமா இருந்தா நல்லதா?” என்றார் கணவர். “சின்னதும் லாஜுவா, வேகமா ஓடும், விலையும் கம்மி லா. மகன் பேக்குல போட்டு சிங்கப்பூருக்குத் தூக்கிட்டுப் போயிருவான்.”

“அதனாலதான் அது வேணாங்கிறேன். நம்ம கோப்பெங் வீட்டுல பெரிய ஸ்கிரீன் இல்ல, வேலை செய்ய முடியலன்னுதானே தீபாவளிக்கு மறுநாளே பஸ் ஏறுறான்? இது நம்ம மேசையிலேயே கெடக்கட்டும். ஒரு வாரம் கூட இருப்பான்லா.”

கணவர் கையிலிருந்த சின்னதைத் திரும்ப வைத்தார். பிறகு கடைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இதவிட கனமா வேற இருக்கா?”