கடைப் பெட்டிக்குள்ள லைல் இருக்கான்

உக்காரச் சொல்லாதீங்க சார். மைனாட்லேருந்து எட்டு மணி நேரம் உக்காந்தேதான் வண்டி ஓட்டிட்டு வர்றேன். பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க. படத்தை மீட்டுத் தரச் சொல்லிப் பார்சல்ல அனுப்பின கேமராப் பெட்டியில ரெண்டாவது டிஸ்க்கும் போச்சா?

பொடியாவா? டிஸ்க் உள்ளுக்குள்ள பொடியா உதிருமா சார்? ஐயோ, காட்டாதீங்க. சரி, காட்டுங்க.

ம்.

நாலுல ரெண்டு நல்லாத்தானே இருக்கு? எங்க பெட்ரோல் பங்க் முதலாளி ரோஜர், கேமராவுக்கு இந்தப் பெட்டியை மாட்டறப்ப பெருமையாச் சொன்னாரு, ஒண்ணு செத்தா மிச்ச மூணும் சேந்து தாங்கிக்கும்னு. ரெண்டு செத்தா என்ன ஆகும்னு கேக்கத் தோணல பாருங்க எனக்கு.

முழுசும் வேணாம் சார். ஜூன் பதினொண்ணு, மத்தியானம் ரெண்டே முக்கால், பங்க் கடைக்குள்ள ஒரு நிமிசம். என் தம்பி லைல், ஹாட் டாக்கைத் தின்னு சட்டையெல்லாம் கடுகுச் சாந்தை ஈஷிக்கிட்டு நிப்பான். தொடைச்சுத் தொலைடா எருமைன்னு நான் துணியை அவன் மூஞ்சியில எறிவேன். அதே நேரத்துல நாப்பது மைல் தள்ளி, ஹால்வர்சன் பண்ணையில வைக்கோல் கொட்டகைக்கு இவன்தான் தீ வச்சானாம். அங்க சண்டை போட்டு வேலையை விட்டவன்தான், வாய் ஜாஸ்திதான், இல்லேங்கல. அதுக்காகப் பத்து வருசமா? அக்கா சொன்னா கோர்ட்டுல எடுபடுமான்னு வக்கீலைக் கேட்டேன். சிரிக்கறாரு அந்த மனுசன். போன வாரம் இவனைப் பிடிச்சுட்டுப் போன அன்னிக்கே படத்தைப் போட்டுப் பாக்க ஓடினேன். பெட்டி தொறக்கவே இல்ல.

பாதி லைல் கெடைச்சாக்கூடப் போதும் சார். அந்தச் சட்டையும் மணியும் தெரிஞ்சாப் போதும்.

ஓ. எல்லாப் படமும் துண்டு துண்டாப் பிரிஞ்சு நாலுலயும் கெடக்குமா? இந்த ரெண்டுல இருக்கறது ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாதா?

ஏய் ஜோசி, சார் பேனாவை விடுடி. கடிக்காத. மன்னிச்சுக்கங்க சார், பாக்கறதையெல்லாம் வாயில வைக்கறா.

என்னது? முதல் டிஸ்க் மார்ச்லயே செத்துருச்சா? தேதியெல்லாமா எழுதி வச்சிருக்கு அது? அப்பவே பெட்டி சத்தம் போட்டிருக்குமேங்கறீங்க.

போட்டுச்சு. கீ கீன்னு விடாமக் கத்துச்சு. இவளுக்குப் பல் மொளைக்கற காய்ச்சல். ரெண்டு நாளாத் தூங்காம அழுதுட்டு, அப்பத்தான் கல்லாவுக்குப் பின்னாடி தொட்டில்ல கண்ணை மூடியிருந்தா. பெட்டிக்குப் பின்பக்கம் ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கினேன், நின்னுருச்சு. சாயங்காலம் ரோஜர்கிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

அறிக்கையில அந்தத் தேதியையும் எழுதணுமா? எழுதுங்க, எழுதுங்க, உங்க வேலை அது. லைலும் படிப்பான், அதான் கேட்டேன். நேத்து ஜெயிலுக்குப் போய்ப் பாத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன ஜோரா உக்காந்திருக்கான்ங்கறீங்க! அழாதக்கா, கடைப் பெட்டியை நீதானே பாத்துக்கறே, எனக்கென்ன கவலைங்கறான்.