பின் இருக்கையில் மாதா

எனது பெயர் பேனாட் ஜெசிந்தன். வயது நாற்பத்தாறு. பிறந்த இடம் யாழ்ப்பாணம், குருநகர். ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் மனைவி டெல்சியுடன் வசிக்கிறேன். தொழில் பேருந்துச் சாரதி. எனக்கு ஜெர்மன் தெரியும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஜெயமலர் மூலம் இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

வருகிற வியாழக்கிழமை எனக்குக் குடியுரிமை தரும் நாள். அதற்காக வருடக்கணக்கில் அலைந்திருக்கிறேன். வழக்கு ஒன்று விழுந்தால் அது போச்சு. குடியுரிமை கிடைக்கப்போகிற சந்தோசத்தில்தான் பழைய நிலக்கரி ஊர்களைக் காரில் சுற்றிப் பார்க்க டெல்சியைக் கூட்டிப்போனேன். முதலில், கீழே சுரங்கம் தோண்டியதால் வீடுகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துபோன ஊரைப் பார்த்தோம். அதன் பின்பு திறந்த சுரங்கத்தின் விளிம்புக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் பாலைவனம் மாதிரி வெறும் மண் பள்ளம். டெல்சி ஒரு படமும் எடுக்கவில்லை. "இந்தக் கிடங்கைக் காட்டவோ கூட்டிவந்தனீங்கள்?" என்று கேட்டார். எனக்கு அப்போதே பத்திக்கொண்டு வந்தது.

அதன் பின்பு, சுரங்கத்துக்காக ஆட்களை ஊரைவிட்டு எழுப்பிக் குடியேற்றிய புது ஊரில் கேக் சாப்பிடப் புறப்பட்டோம். புது ஊருக்கும் பழைய ஊருக்கும் ஒரே தெருப்பெயர்களை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டும் கருவி எங்களைப் பழைய ஊருக்குக் கொண்டுபோய் விட்டது. யன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது, ஆளரவம் இல்லை. சந்தியில் கல்லால் கட்டிய ஒரு சிறு கெபிக்குள் மாதா சிலை இருந்தது. டெல்சி இறங்கிவிட்டார்.

டெல்சிக்குச் சொந்த இடம் மன்னார். யுத்தத்தில் அவருடைய ஊர் இடம்பெயர்ந்தபோது சனம் சட்டி பானையை விட்டுவிட்டு மாதாவைத் தூக்கிக்கொண்டு நடந்தது. "எல்லாரும் போயிட்டினம், மாதாவை மட்டும் கிடங்குக்குள்ள விழ விட்டிருக்கினம்" என்று அழுதார். இந்த நாட்டில் துருப்பிடித்த ஆணிக்கும் சொந்தக்காரன் இருப்பான் என்று வாய் நோகச் சொன்னேன். காலடியில் ஜாம் போத்தலில் வாடாத பூ இருந்ததையும் காட்டினேன். "பூ வைச்சவை கூட்டிக்கொண்டு போகேல்லையே" என்றார். அதன் பின்பு அவர் சிலையைப் பின் இருக்கையில் ஏற்றினார். நான் காருக்குள் இருந்தேன். பெற்றோல் நிலையத்தில் பொலிசார் எங்களை மறித்தார்கள்.

அந்த ஊரை இனித் தோண்டமாட்டார்கள் என்றும், கடைசி வீட்டுக்காரர் ஒருவர் போகாமல் இருந்து தினமும் பூ வைக்கிறார் என்றும், எங்கள் கார் இலக்கத்தைப் படமெடுத்தவர் அவர்தான் என்றும் இங்கே பொலிஸ் நிலையத்துக்கு வந்துதான் அறிந்தேன். அவருக்கு முகம் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. டெல்சியும் பக்கத்து அறையில், "நான் தனியத்தான் தூக்கினனான், அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லியிருப்பதாக அதிகாரி சொன்னார். டெல்சிக்குக் குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. அது சீமெந்துச் சிலை. டெல்சிக்கு முதுகு வருத்தம், ஒரு தண்ணீர்ப் போத்தல் பெட்டியே தூக்க ஏலாது. ஆகவே "நான் காருக்குள் இருந்தேன்" என்ற வரியை வெட்டச் சொல்கிறேன். தலைப்பக்கம் அவர் பிடித்தார், கால்பக்கம் நான் பிடித்தேன். மாதாவுக்கு இருக்கைப் பட்டி போட்டுவிட்டதும் நான்தான்.

இப்போது எழுதியிருப்பது முழுவதும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

பே. ஜெசிந்தன்