வாயு என்று எழுதியதை அடித்து, மேஜை என்று எழுதிய மிஸ்ஸிக்கு

கைதொட்டே காய்ச்சல் அறிந்தவரே! கடிந்து பேசினாலும் கருணை குறையாதவரே! சுங்கை லாலாங் பக்கத்து எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தாதியாக உழைத்து இன்று ஓய்வு பெறும் மிஸ்ஸி கேதரின் அம்மையாரே! அலுவலகத்தாராகிய எங்கள் வணக்கம்.

பாம்புக்கடியிலும் பிரசவத்திலும் தாங்கள் காத்த உயிர்களைத் தோட்டத்து மக்கள் சொல்வார்கள். உட்கார்ந்த வேலை செய்யும் நாங்கள் சொல்ல வேண்டியது வேறு.

1979-இல் எங்கள் டைப்பிஸ்ட் பிரிஜெட்டின் வலது மணிக்கட்டு மரத்துப்போனது. கடிதங்களில் பிழை மலிந்தது. "மாசக் கடைசிக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளு" என்றார் மேனேஜர். படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு அவள் ஒருத்திதான் துணை. வலியை மறைத்தாள், யாரும் பார்க்காதபோது கையை உதறிவிட்டு மறுபடி தட்டினாள்.

"தைலம் முடிஞ்சிருச்சு மிஸ்ஸி" என்று நான்காம் முறை வந்தவளிடம் இன்னொரு புட்டியைக் கொடுத்துத் தாங்கள் அனுப்பிவிடவில்லை. பதிவேட்டைப் புரட்டினீர்கள். கழுத்து, தோள், மணிக்கட்டு. இரண்டாண்டில் ஆபீஸ்காரர்களுக்குப் பதினோரு முறை 'வாயுப் பிடிப்பு' என்று தாங்களே எழுதியிருந்தீர்கள்.

மறுநாள் தையல் டேப்போடு ஆபீசுக்கு வந்து, எங்கள் ஏழு பேரையும் வேலை செய்யவிட்டே அளந்தீர்கள்.

"என்னா மிஸ்ஸி, பிரிஜெட்டுக்குக் கல்யாண ஜாக்கெட்டா?" என்றார் கணக்கெழுதும் அழகேசன் கிராணி.

"உங்களுக்கும் எடுக்கிறேன் இருங்கலா. கழுத்து ஆமை மாதிரி நீண்டு கிடக்கு!"

பிரிஜெட்டின் முழங்கைக்கு மேலே ஐந்து அங்குலத்தில் டைப்ரைட்டர் இருந்தது. கால் தரையைத் தொடவில்லை.

"உக்காந்த வேலைதானே மிஸ்ஸி? வெயிலா, மழையா?" என்றார் மேனேஜர்.

"தப்பு என்னோடது சார். வாயுன்னு எழுதிட்டேன். வாயு இல்ல, மேஜை. நீங்களே உக்காந்து ரெண்டு பக்கம் அடிச்சுப் பாருங்க."

ஒரு பக்கம் முடியுமுன் அவர் கை தானாகத் தோளைப் பிடித்தது.

பதினோரு இடத்திலும் 'வாயு'வை அடித்து 'மேஜை' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். ஆசாரி முருகையா மேஜைக் கால்களை அறுத்துக் குறைத்தார். பாதம் வைக்கப் பலகை போட்டார். மணிக்கொரு முறை எங்களை எழுந்து நடக்க வைத்தீர்கள். பிரிஜெட்டுக்கு மூன்று வாரம் டைப் வேலை கூடாதென்று சீட்டு எழுதி, அதை மேனேஜரிடம் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவள் கை முழுதும் குணமாகவில்லை. மழைநாளில் இன்னும் மரக்கிறது. ஆனால் அவள் வேலை அவளிடமே இருக்கிறது.

தன் தவற்றைத் தன் கையாலேயே திருத்திய தகைமையாளரே! ஜித்ராவில் மகள் வீட்டில் நோயின்றி, நிறைவோடு, நெடுநாள் வாழ்க! தங்கள் நாற்காலிக்கு நாளை யார் வந்தாலும் சரி, எங்களுக்கு வலித்தால் முதல் நாளே போய் வாய்விட்டுச் சொல்வோம். இது உறுதி.

என்றும் தங்கள் அன்பில்,
தோட்ட அலுவலக ஊழியர்கள்
30 ஏப்ரல் 1985