ஞானம்மாளின் வாழ்க்கைக் குறிப்பு

இது நம்ம ஜோஸ்வினுடைய மாமா டேனியலுக்கு நடந்தது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்...

மணி ஏழேகால். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரியை ஒட்டிப் போகிற ரோடு. கரண்ட் இல்லை. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. டேனியல் மட்டும் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சா அது? சண்டை.

அவருடைய அம்மா ஞானம்மாள் போய் மறுநாளோடு முப்பது நாள். ஜெபக் கூட்டத்தில் வாசிக்க அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டும். அச்சகத்தில் எட்டு மணிக்குள் கேட்டிருந்தார்கள். மூன்று வாரமாக முட்டி மோதியும் தேறியது ஒரே வரி. 'அன்பும் பொறுமையும் நிறைந்தவர்.' யார் செத்தாலும் எழுதுகிற வரி.

"பொறந்த தேதிகூடவா தெரியாது?" அக்கா ஜான்சி கத்தினார். "நீதானேடா அம்மாகூடவே இருந்த?"

"சரி, உனக்குத் தெரியுமா? சொல்லேன் பாக்கலாம்!"

ஜான்சி பட்டென்று போனை கட் பண்ணினார்.

ஐம்பத்திரண்டு வருஷம் ஒரே வீடு. அம்மாவுக்கு எந்த முட்டி வலிக்கும், காப்பிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எல்லாம் தெரியும். அவள் எங்கிருந்து வந்தவள், என்னவெல்லாம் பட்டவள்... ஒன்றும் தெரியாது. எரிச்சலோடு போனில் மைக்கைத் தட்டினார். பேசப் பேச எழுத்தாக விழும், தெரியுமில்லையா, அது.

"ஞானம்மாள். பிறந்தது... தெரியல. படிச்சது... தெரியல. கல்யாணத்துக்கு முன்னாடி... ஒரு மண்ணும் தெரியல!"

நிறுத்தினார். ஏரியில் கத்திக்கொண்டிருந்த தவளைகளும் சட்டென்று நின்றன. திரையில் எழுத்து மட்டும் நிற்கவில்லை.

'ஆவணி மாசம். ஏரி ஒடஞ்ச வருஷம்.'

மழை ஈரத்தில் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தார். சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

'அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அப்பறம் பல்லாவரத்துல தோல் பதப்படுத்தற ஷெட்டுல வேல. எத்தினி கழுவினாலும் கையில நாத்தம் போவாது. கோயில்ல பாடறப்போ கைய பின்னாடி மறைச்சிப்பேன்.'

டேனியலுக்கு வந்தது பயம் இல்லை, கோபம். அம்மா பாடுவாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"இதெல்லாம் ஏம்மா உயிரோட இருக்கறப்போ சொல்லல? இப்ப வந்து சொல்ற?"

திரையில் அடுத்த வரி விழுந்தது. 

'நீ எங்கடா கேட்ட.'

நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதார். அப்போதுதான் தோளில் ஒரு கை விழுந்தது. சொதசொதவென்று ஈரமான கை. ஸ்கூட்டரின் பின்சீட் மெல்ல அமுங்கியது. சேறும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த வாடை. மழை வாடை என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா..." என்று கண்ணை மூடினார். திறந்தபோது திரையில் புதிதாக ஒரு வரி.

'அது நான் இல்லடா. வண்டிய எடு.'

எடுத்தார். போனை அணைக்கக்கூட இல்லை, அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முறுக்கினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்கூட்டர், இரண்டு பேர் ஏறிய வண்டி மாதிரி அடி தட்டியது. கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை அவர்.

வீடு. வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டார். பாய்ந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள்... கீழ்த் தாழ்ப்பாள். கதவில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினார். அப்பாடா.

பிறகுதான் போனை எடுத்தார். அது வழி நெடுக எழுதிக்கொண்டே வந்திருந்தது.

'திரும்பாத. திரும்பாத. திரும்பாத. திரும்பாத.'

அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி.

'வாசல்லயே நில்லு டேனி. அத உள்ள கூட்டிகினு போயிடாத.'