மகராசிகளுக்குச் சர்க்கரைத் தண்ணி

— “கொசு மாமா, செத்துப்போன கொசுவை அதோட அம்மா தேடாதா?”ன்னு மருந்தடிக்கப் போன வீட்ல ஒரு குழந்தை ஒரு தடவை கேட்டுச்சு, தங்கச்சி. அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல.

— இப்பத் தெரியுமாண்ணே?

— இப்பவும் தெரியல. ஆனா உங்க லேப்ல இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ள கொசுவெல்லாம் மல்லாந்து கிடக்கறதைப் பாத்தா அழுகையா வருது.

— கொசுவுக்காகவா, வேலைக்காகவா?

— ரெண்டுக்கும்னு வெச்சுக்குங்க. முதுகுல மருந்துத் தொட்டியைக் கட்டிக்கிட்டு வீடு வீடா அடிச்சவன் நான். கொசு சாகணும்னுதான் இத்தனை வருஷமா சாமி கும்பிட்டிருக்கேன். நேத்துதான் முதல் தடவையா, அதுங்க பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.

— சாமியே குழம்பிப் போயிருப்பாரு.

— உங்களுக்குக் கிண்டலா இருக்கு. என் தெருவுல பிடிச்ச இதுங்க, மருந்து தடவின காகிதத்துல உக்காந்து செத்தா, மருந்து நல்ல மருந்துன்னு ஆயிடும். மருந்து நல்லா இருந்தும் நான் அடிச்ச தெருவுல வீட்டுக்கு வீடு மலேரியான்னா என்ன அர்த்தம்? மருந்தை வித்துட்டு வெறும் தண்ணியை அடிச்சிருக்கான்னு அர்த்தம். அதிகாரி மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. இந்த முடிவு அவர் மேசைக்குப் போனா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

— தண்ணி கலந்தீங்களா?

— ஆண்டவன் மேல சத்தியமா இல்ல தங்கச்சி.

— கேக்கணும்னு கேட்டேன். கோவிச்சுக்காதீங்க.

— வேலை போனா கூலிக்குப் போயிடுவேன். அந்தத் தெரு முக்குல ஒரு அம்மா, நான் தொட்டியை இறக்கி வெச்சா கேக்காமலே ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து வெப்பாங்க. போன வாரம் என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டாங்க. அவங்க பேரனுக்குக் காய்ச்சல். அதுதான் என்னால முழுங்க முடியல.

— சரி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு இங்க வாங்க. இந்தக் குழாய்ல என்ன நிறத்துல பொட்டு வெச்சிருக்கேன்?

— பச்சை.

— பச்சைன்னா?

— மருந்து தடவாத வெத்துக் காகிதம். அது எனக்கும் தெரியும்.

— அதுல இருக்கற கொசுங்க எப்படி இருக்கு?

— இதுங்களும் மல்லாந்துதான் கிடக்கு.

— வெத்துக் காகிதத்துல உக்காந்த கொசு ஏண்ணே சாகணும்? அதுல எழுதாததைப் படிச்சு மனசு உடைஞ்சு போச்சா?

— அப்படின்னா?

— இந்தச் சோதனையே செல்லாதுன்னு அர்த்தம். மருந்து கொன்னுச்சான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. இங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ இதுங்களைப் பாதி கொன்னுட்டாங்க. பிரிக்கும்போதே ஒண்ணு ரெண்டு தள்ளாடிச்சு. பயணக் களைப்புன்னு விட்டுட்டேன், அது என் தப்பு. சரி, பிடிச்சது யாரு?

— நான்தான்.

— கொண்டு வந்தது?

— அதுவும் நான்தான்.

— அப்ப குற்றவாளியைத் தேடி நாம ரொம்ப தூரம் அலைய வேண்டாம். எப்படிக் கொண்டு வந்தீங்க?

— நீங்க சொன்ன மாதிரியேதான். வலை கட்டின கப்புல விட்டு, மேல ஈரத்துண்டு சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து மடியில என்னன்னு கேட்டாரு. எனக்குப் பொய் வராது. மலேரியாக் கொசுன்னு சொன்னேன்.

— சொல்லிட்டீங்களா?

— பஸ்ஸே எழுந்து நின்னுடுச்சு தங்கச்சி. ஒரு பெரியவர் ஜன்னல் வழியா இறங்கவே பாத்தாரு. நடுவழியில என்னை இறக்கி விட்டுட்டாங்க. அடுத்த பஸ்ல யாரும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு, கப்பையெல்லாம் சாப்பாட்டுப் பைக்குள்ள வெச்சு மூடிட்டேன்.

— பையில சாப்பாடு இருந்துச்சா?

— சாப்பாட்டுப் பையில சாப்பாடு இல்லாம? உங்க அண்ணி கட்டிக் குடுத்தது.

— சூடாவா?

— அவ என்னிக்கு ஆறினதைக் குடுத்திருக்கா? மத்தியானம் வரைக்கும் தூக்குச் சட்டியைத் தொட முடியாது.

— கொசுவை ஆவியில வேக வெச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க.

— ஈரத்துண்டு சுத்தியிருந்தேனே.

— இட்டலிக்குக் கூட ஈரத்துணிதான் போடறோம்.

— தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? அதிகாரி மருந்துக் காகிதம் வெச்ச சிவப்புப் பொட்டுக் குழாயை மட்டும்தான் பாப்பாரு. இந்தப் பச்சையை நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. உங்க வேலையும் இன்னிக்கே முடிஞ்சிருக்கும், என் வேலை போனா உங்களுக்கென்ன?

— முடிஞ்சிருக்கும். அப்புறம் அந்தப் பேரனுக்குக் காய்ச்சல் வந்துக்கிட்டே இருக்கும், சுவத்துல மருந்து மேலயே கொசு உக்காந்து ஊஞ்சலாடிக்கிட்டு இருக்கும். இருங்க, ஃபோன் பண்றேன்... சார், வணக்கம். செல்லாது சார். பச்சையும் செத்துடுச்சு... ஆமா சார், வழியில சூடு பட்டிருக்கு... புதுசாப் பிடிச்சுத்தான் திரும்பப் பண்ணணும்... சரி சார். வெச்சுடறேன்.

— என்ன சொன்னாரு?

— ஒரு வாரம் தர்றாரு. ஆனா அதுவரைக்கும் நீங்க வேலைக்கும் வரக் கூடாது, கொசு இருக்கற திசைக்கே போகக் கூடாதாம்.

— வேற யாரு போவா? அந்த வகைக் கொசுவுக்கு மாட்டுக் கொட்டகையில பொழுது சாயறப்போ உக்காரணும். குழாயை வாயில வெச்சு ஒவ்வொண்ணா உறிஞ்சிப் பிடிக்கணும். சம்பளத்துக்குக் கூட ஒருத்தனும் வர மாட்டான்.

— யாராவது வருவாங்க. நீங்க வீட்ல போய் அண்ணிகிட்ட ஆறின சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க.

* * *

— தங்கச்சி, உள்ள வரலாமா?

— வாங்கண்ணே. ஒரு வாரம் கழிச்சு வர்ற ஆளு கதவுக்கு வெளிய நின்னு அனுமதி கேக்கறதைப் பாரு.

— அதிகாரி கூப்பிட்டு நாளைக்கு வேலைக்கு வான்னாரு. ஏன்னு கூடக் கேக்கல. நேரா இங்க ஓடி வந்தேன்.

— ரௌடிங்கண்ணே, உங்க தெருக் கொசுங்க. மருந்துக் காகிதத்துல வெச்சா, ஏதோ பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி உக்காந்துச்சுங்க. வெளிய எடுத்து ஒரு நாள் முழுக்க விட்டுப் பாத்தேன். பாதிக்கு மேல பறந்துக்கிட்டுத்தான் இருக்கு.

— பச்சைக் குழாய்?

— ஒண்ணுகூடச் சாகல.

— ஆண்டவனே.

— ஆண்டவனை அப்புறம் கூப்பிடுங்க, முதல்ல கேளுங்க. காகிதம் பழசா இருக்கும்னு அதிகாரி சந்தேகப்பட்டாரு. அதனால அதே காகிதத்துல, இந்தக் கூண்டுல இருக்கே, நம்ம வீட்டு மகராசிங்க, அதுங்களையும் வெச்சேன். தலைமுறை தலைமுறையா இதே ரூம்ல சர்க்கரைத் தண்ணி குடிச்சு வளந்த ஜாதி. மருந்து வாசனையே தெரியாது. ஒண்ணு விடாம சுருண்டுடுச்சு. அப்ப மருந்துலயும் குறையில்ல, அடிச்ச ஆள்கிட்டயும் குறையில்ல. தெருக் கொசு அந்த மருந்துக்குப் பழகிடுச்சு. அவ்வளவுதான்.

— இனிமே என்ன அடிப்போம்?

— வேற வகை மருந்து வருது. அதையும் வருஷக்கணக்கா ஒரே மாதிரி அடிச்சா அதுக்கும் பழகிடும், மாத்தி மாத்தி அடிக்கணும்னு எழுதி அனுப்பியிருக்கேன். முக்கு வீட்டு அம்மாகிட்ட அதிகாரியே போய்ப் பேசறேன்னு சொல்லியிருக்காரு. வலையும் குடுக்கறாங்களாம்.

— கொசுவைப் பிடிச்சுக் குடுத்த புண்ணியவான் யாரு தங்கச்சி? பாத்து ஒரு கும்பிடு போடணும்.

— ஆளுக்குக் கும்பிடு பிடிக்காது.

— டீயாவது வாங்கிக் குடுக்கறேன்.

— குடிச்சாச்சுன்னு வெச்சுக்கங்க.

— அது இருக்கட்டும், உங்க கழுத்து, கையெல்லாம் ஏன் இப்படித் தடிச்சுக் கிடக்கு?

— கொசுவோட வேலை பாக்கறவ கழுத்துல முத்துமாலையா தொங்கும்?

— கூண்டுக் கொசு வெளிய வராதே. நீங்க எங்கயாவது... சேச்சே, நீங்க மாடு எதிர்ல வந்தா தெரு மாறிப் போற ஆளு.

— அது போதும்ல? கிளம்புங்கண்ணே. நாளைக்குத் தொட்டி தூக்கணும். அண்ணிக்கு முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க.

— ஆண்டவன் உங்களை நல்லா வெச்சிருப்பான் தங்கச்சி.

— கதவைச் சாத்திட்டுப் போங்க.

* * *

— போயிட்டாரு. வாங்க மகராசிகளா, சர்க்கரைத் தண்ணி வெச்சாச்சு, அடிச்சுக்காம குடிங்க. கொட்டகையில உக்காந்து கொசு பிடிச்சப்போ மாடு முட்டல, கவலைப்படாதீங்க. கையை நக்கிச்சு, அதுக்கே பாதி உயிர் போச்சு. மலேரியா வராம இருக்க மாத்திரையும் போட்டுக்கிட்டேன். முன்ன ஒரு தடவை நான் பிரசவத்துக்குப் போனப்போ, உங்களைப் பாத்துக்கறேன்னு சொன்ன ஆளு இந்த ரூமைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான். உங்க வம்சமே எறும்புக்கு இரையாப் போயிருக்கும். தினமும் ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு, கூண்டுக்கால் கிண்ணத்துல எறும்பு ஏறாம தண்ணி ஊத்தி, உங்க பாட்டிமாருக்குச் சர்க்கரைப் பஞ்சு வெச்சது, கொசுவைக் கொல்றதே தொழிலா இருக்கற அந்த மனுஷன்தான். வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவரு இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல, நானும் திறக்கல, நீங்களும் திறக்காதீங்க.